எள்ளளவு வண்டுக்கு ஆறு வருடக் காவல்

ஓட்டையக்கா என்ற பெயர் அவளுக்குச் சலவைக் கடையில் வந்தது. கோட்டு, சால்வை, திரைச்சீலை என்று எதில் ஓட்டை விழுந்தாலும் இழை எடுத்து இழை கோத்து, விழுந்த இடம் தெரியாமல் மூடுவது அவள் வேலை. ஓட்டையைப் பார்த்த மாத்திரத்தில் அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவாள். இது பூச்சி அரித்தது, இது சிகரெட் நெருப்பு, இது ஆணியில் மாட்டியது. ஒருமுறை ஒரு பெரிய மனிதர் தன் கோட்டு கதவில் மாட்டிக் கிழிந்ததென்று சொல்லிக் கொடுத்தார். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது கத்தரிக்கோல் வெட்டு என்று வெள்ளந்தியாகச் சொல்லி வைத்தாள். கூட வந்திருந்த அவர் மனைவியின் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான், எல்லா ஓட்டையைப் பற்றியும் எல்லோரிடமும் சொல்லக்கூடாது என்று அவளுக்கு உறைத்தது.

கடையை மூடியபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஏரிக்கரை மேட்டில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்தாள். பெயரும் கூடவே போனது.

அந்த மேட்டிலிருந்து பார்த்தால் ஏரி தெரிய வேண்டும். ஆனால் தெரிந்தது ஏரி இல்லை. பச்சைப் பசேலென்று ஒரு மைதானம்தான் தெரிந்தது. இலை மேல் இலையாக அடுக்கி மிதக்கும் ஒரு களை, கரையிலிருந்து கரைவரை பாய் விரித்த மாதிரி மூடிக் கிடந்தது. படகுக்காரர்கள் அதைப் பாய் என்றே சொன்னார்கள். வெட்டி அள்ளிப் போட்டால் பத்து நாளில் வெட்டிய இடம் மூடிக்கொள்ளும். நாரைகள் அதன் மேல் காலாற நடந்து போயின. அடியில் இருட்டு, மீன் இல்லை. வேறு தேசத்துச் செடி அது. யாரோ வீட்டில் அழகுக்கு வைத்திருந்த மீன்தொட்டியை, வீடு மாறும்போதோ அலுத்துப்போயோ, ஓடையில் கவிழ்த்திருக்கிறார்கள். அதில் நாலு இலை இருந்திருக்கும். அந்த நாலு இலையின் பேரப்பிள்ளைகள்தான் இந்த மைதானம் முழுக்க.

அவள் கணவன் அந்த ஏரியில் பயணிகள் படகு ஓட்டினான். முன்பெல்லாம் அக்கரைக்கு இருபது நிமிடம். பாய் வந்த பிறகு மோட்டார் விசிறியில் களை சுற்றிச் சுற்றி, நடு ஏரியில் நிறுத்திக் கத்தியால் அறுத்து, மறுபடி கிளப்பி என்று இரண்டு மணி நேரம் ஆகும். சில நாள் நடுவிலேயே நின்றுவிடும். அவனுடைய அக்கா, அதாவது இவளுக்கு நாத்தனார், அக்கரையில் இருந்தாள். சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸுக்கு இக்கரை ஆஸ்பத்திரிக்கு வரவேண்டியவள். படகை நம்ப முடியாமல், ஏரியைச் சுற்றி நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்து, சிகிச்சை முடிந்து தம்பி வீட்டில் ஒரு பொழுது படுத்துக் கிடந்து, மறுநாள் நாலு மணி நேரம் திரும்பிப் போவாள்.

ஆராய்ச்சி நிலையத்துக்கு அந்த வண்டு வந்தது ஓட்டையக்கா சேர்ந்த மறு வருடம். பாய் எந்தத் தேசத்தில் பிறந்ததோ அதே தேசத்தில் அதைத் தின்றே வாழ்கிற கூன்வண்டு. தலைக்கு முன்னால் தும்பிக்கை மாதிரி வளைந்த மூக்கு. ஆனால் மொத்த உடம்பே எள்ளளவுதான். அங்கே பாய் ஒரு சாதாரணச் செடி, குட்டையோரத்தில் அடங்கி ஒடுங்கிக் கிடக்கிறது, காரணம் இந்த எள்ளு என்றார்கள். அப்படியானால் கொண்டுவந்து ஏரியில் விட்டுவிட வேண்டியதுதானே என்று ஊரே கேட்டது. அவளும் மனசுக்குள் கேட்டாள்.

அதற்குப் பதில் சொன்னவர் அந்த ஆராய்ச்சியை நடத்திய மேடம். அவளைவிட ஐந்தாறு வயது சின்னவர், மெலிந்த உருவம், எப்போதும் ஏதோ ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிற மாதிரி முகம். களையும் வெளியிலிருந்து வந்தது, வண்டும் வெளியிலிருந்து வந்தது. களையை யாரும் விசாரிக்காமல் உள்ளே விட்டோம், அதே தப்பை இரண்டாவது தடவையும் செய்யக்கூடாது என்றார். இங்கே வந்த பிறகு வண்டுக்கு வேறொரு செடி பிடித்துப்போனால் என்ன செய்வது? நெல்லைத் தின்றால்? ஏரியோரத்துச் செடி ஏதாவது ஒன்றைத் தின்று தீர்த்தால்? வெளியே விட்ட பூச்சியைத் திருப்பிக் கூப்பிட முடியாது. அதனால் விடுவதற்கு முன்பே அதன் வாயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வண்டுகளை வைத்திருந்த கட்டடத்துக்குப் பலகையில் தனிமைக்கூடம் என்று எழுதியிருந்தது. உள்ளே வேலை செய்தவர்கள் கூடு என்றார்கள். ஜன்னலே கிடையாது. மூன்று கதவு. ஒன்று சாத்தினால்தான் அடுத்தது திறக்கும். நடுவில் கறுப்புச் சாயம் அடித்த ஒரு இடைவழி, அதன் ஒரு முனையில் மட்டும் விளக்கு, விளக்கைச் சுற்றிப் பசைத் தாள். தப்பி வருகிற பூச்சி வெளிச்சத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் என்று கணக்கு. போட்டுக்கொள்ளும் வெள்ளை அங்கியில் ஜேபி இல்லை, மடிப்பு இல்லை. வெளியேறும்போது ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துத் துடைத்துவிட வேண்டும். செடி கழுவிய தண்ணீரைக்கூடக் கொதிக்க வைத்துத்தான் சாக்கடைக்கு விட்டார்கள். வாடி உதிர்ந்த இலையும் தொட்டி மண்ணும் பெரிய பிரஷர் குக்கர் மாதிரி ஒரு பாத்திரத்தில் வெந்த பிறகுதான் வாசல் தாண்டும்.

ஒருநாள் சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது இருநூற்றுப் பதினாலு வண்டுக்கு ஒன்று குறைந்தது. யாரும் வெளியே போகவில்லை. தரையில் முட்டி போட்டுத் தேடினார்கள், ஒவ்வொரு இலையாகப் புரட்டினார்கள், தலைத் தொப்பியை உதறினார்கள். இரண்டரை மணி நேரம். கடைசியில் களைத்துப்போய் மேடம் நிமிர்ந்தபோது ஓட்டையக்கா அவர் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“மேடம், அசையாதீங்க. உங்க கண்ணாடியில ஒரு திருகாணி அதிகமா இருக்கு.”

அன்றிலிருந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை போய், வண்டு எண்ணுகிற வேலை அவளுக்கு வந்தது. முதல் தடவை பூதக்கண்ணாடிக் குழாயில் கண்ணை வைத்துப் பார்த்த நாளை அவள் மறக்கவே இல்லை. கறுப்புப் புள்ளி என்று நினைத்திருந்தது, உள்ளே மலை மாதிரி எழுந்து நின்றது. முதுகில் வரப்பு வெட்டியது போல் வரிசை வரிசையாகக் குழி. ஒவ்வொரு காலிலும் கொக்கி. அது இலையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கியபோது, வயிற்றோடு ஒட்டி ஒரு வெள்ளித் தகடு பளபளத்தது. மேடத்திடம் கேட்டாள். அது காற்று, மூச்சுக்கு எடுத்துக்கொண்டு போகிறது என்றார். தன் மூச்சைத் தானே மடியில் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குகிற எள்ளு. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். கழுத்து வலித்த பிறகுதான் தான் அரை மணி நேரமாகக் குனிந்திருப்பது தெரிந்தது.

சோதனை எப்படி என்றால், பட்டினிதான். ஒரு கண்ணாடிப் பெட்டியில் ஒரே ஒரு வகைச் செடி, அதோடு வண்டு. பாய் கிடையாது. வேறு வழியில்லாமல் அதைத் தின்கிறதா, அல்லது தின்னாமல் சாகிறதா என்று பார்க்க வேண்டும். எந்தெந்தச் செடியை வைப்பது என்பதற்கு மேடம் ஒரு பட்டியல் போட்டிருந்தார். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிற மாதிரிதான் அதுவும் என்று விளக்கினார். முதலில் பாயின் உடன்பிறப்புகள், அப்புறம் பங்காளிகள், அப்புறம் தூரத்துச் சொந்தம், கடைசியில் சொந்தமே இல்லாவிட்டாலும் விட்டுவிட முடியாத ஊர்ப் பெரிய மனிதர்களாகிய நெல், கரும்பு, கீரை. ஒரு பூச்சி வாய் மாறினால் முதலில் சொந்தத்துக்குள்தான் மாறும். மொத்தம் அறுபத்திமூன்று செடி. நாலு வருடம் ஆனது.

அந்த நாலு வருடத்தில் ஓட்டையக்கா பார்த்தது வேறு யாரும் நம்பாத காட்சி. பசும் இலை நடுவில் நிற்கும் வண்டு. இலை மேல் ஏறும், மூக்கால் தொடும், இறங்கும். அடுத்த இலைக்குப் போகும், தொடும், இறங்கும். நாள் முழுக்க நடக்கும். மறுநாளும் நடக்கும். பத்தாம் நாள் நடை தளரும். இருபதாம் நாளுக்குள் காலை மடக்கிக்கொண்டு செத்துக் கிடக்கும். சுற்றிலும் இலை, ஒரு கடி கூட இல்லாமல், பளிச்சென்று. வைத்த செடி ஒவ்வொன்றிலும் இப்படியே நடந்தது. மனிதனாக இருந்தால் பிடிவாதம் என்று திட்டலாம். இதற்கு என்ன பேர் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. செத்த வண்டை எடுத்து வெள்ளைத் தாளில் வைக்கும்போது அவள் கை கொஞ்சம் நிதானமாகத்தான் நகரும். இலட்சக்கணக்கான வருடமாக ஒரே செடியோடு வாழ்ந்து வாழ்ந்து, மற்றதெல்லாம் அதற்குச் சாப்பாடாகவே தெரியவில்லை என்று மேடம் சொல்லியிருந்தார். இலட்சம் வருடம் என்பதை அவளால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. இந்த ஒரு எள்ளுக்குள் அது இருக்கிறது என்பது மட்டும் உடம்பைச் சிலிர்க்க வைத்தது.

நாலாம் வருடக் கடைசியில் அறிக்கை தயாரானது. இந்த வண்டு பாயைத் தவிர எதையும் தொடாது என்று முடிவு. வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். ஊருக்குள் செய்தி போய்விட்டது. படகுத்துறையில் அவள் கணவனுக்கு முன்கூட்டியே கைகுலுக்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை அவள் கடைசியாக மிச்சமிருந்த பெட்டிகளைக் கலைத்துக்கொண்டிருந்தாள். அதில் ஆரைச் செடி. ஏரியோரச் சேற்றில் நாலு இதழ் விரித்துத் தலைநீட்டுமே, அதே ஆரை. பார்த்தால் நம்ப முடியாது, ஆனால் பாய்க்கு அது பங்காளி முறை. வண்டுகள் செத்துக் கிடந்தன, ஏற்கெனவே பதிவும் ஆகிவிட்டது. வேகவைக்கப் போடுவதற்காகத்தான் இலையைக் கையில் எடுத்தாள். விளக்குக்கு எதிரே வந்தபோது ஒரு புள்ளி வெளிச்சம் அவள் கண்ணில் குத்தியது.

ஓட்டை. குண்டூசித் தலை அளவு.

அவள் அதைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தாள். பார்த்தாள். வைத்தாள். நாத்தனாரின் வீங்கிய கால் நினைவுக்கு வந்தது. பாத்திரத்துக்குள் போட்டால் பத்து நிமிடத்தில் வெந்து கூழாகிவிடும். அப்படி ஒரு இலை இருந்ததே யாருக்கும் தெரியப்போவதில்லை. மூன்றாம் தடவை பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். பிறகு மேடத்தைக் கூப்பிட்டாள்.

மேடம் வெகுநேரம் பார்த்தார். கை பட்டுக் கிழிந்திருக்கலாம் இல்லையா என்று கேட்டார். கேட்ட குரலில், அப்படியே இருந்துவிடக்கூடாதா என்ற ஏக்கம் இருந்தது.

“கிழிஞ்சிருந்தா ஓரத்துல நார் நீட்டிக்கிட்டு நிக்கும் மேடம். இது சுத்தி ஓரம் மழமழன்னு இருக்கு. மென்னு எடுத்தது.”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாலு வருட உழைப்பு, வெள்ளிக்கிழமை, மேலதிகாரிகளின் தொலைபேசி எல்லாம் அந்தத் துடைப்பில் போய்வந்தன. பிறகு மெதுவாக, அறிக்கை அனுப்பவில்லை அக்கா என்றார்.

படகுத்துறையில் பேச்சுக்குக் குறைவில்லை. ஓட்டையடைத்துப் பிழைத்தவள் இல்லாத ஓட்டையைக் கண்டுபிடித்து ஊர் வாயில் மண்ணைப் போட்டாள் என்றார்கள். அவள் கணவன் நல்லவன்தான், ஆனால் நாள் முழுக்கக் களை அறுத்துக் கை புண்ணானவன். ஒரு இலையில் ஒரு ஓட்டைக்காக ஒரு ஏரியே நிற்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு நாலு நாள் அவளோடு பேசாமல் இருந்தான். சாப்பாட்டுத் தட்டை வைக்கும் சத்தத்தில்தான் கோபம் தெரிந்தது.

ஐந்தாம் நாள் நாத்தனார் வந்தாள். சிகிச்சை முடிந்து முகமெல்லாம் வெளுத்து, கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தாள். யார் யாரோ சொல்லி அவள் காதுக்கும் போயிருந்தது. ஓட்டையக்கா தானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எவ்வளவு பெரிய ஓட்டைம்மா?”

“குண்டூசித் தலை அளவு, அண்ணி. அது ஒண்ணுமில்லாமலும் போகலாம்.”

“ஒண்ணுமில்லைன்னு தெரியுமா, தெரியாதா?”

“தெரியாது அண்ணி.”

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடு சொன்னாள்.

“எனக்கு ஒரு மாத்திரை மாத்தறதுக்கே டாக்டர் ரெண்டு வாரம் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார். நான் அவசரப்பட்டாலும் அவர் அவசரப்படறதில்ல. ஏரிக்கு மட்டும் எப்படிக் கண்ணை மூடிக்கிட்டு கொடுக்கறது?” பிறகு அடுத்த அறைப் பக்கம் குரலை உயர்த்தினாள். “தம்பி, அவகூடப் பேசு. பஸ்ஸில எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடல. ஜன்னலோரம் கிடைக்குது.”

அவன் பேசினான். முதல் வார்த்தை, உப்பு குறைச்சல் என்பது.

அதற்குப் பிறகு இருபது மாதம். ஒற்றை ஓட்டையைத் துரத்திக்கொண்டு போனார்கள். ஆரையையும் பாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வண்டு எதைத் தின்கிறது? பாயைத்தான். ஆரைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாயே இல்லாமல் பட்டினி போட்டால்? நூறில் சில மட்டும் ஆரையைக் கொஞ்சம் கடித்து, ஏழெட்டு நாள் கூடுதலாக உயிரை இழுத்துப் பிடித்தன. முட்டை இடுமா? இட்டது. ஓட்டையக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. முட்டை பொரிந்து புழு வந்தது. தண்டுக்குள் துளைத்துக்கொண்டு போனது. அவள் தினமும் தண்டைப் பிளந்து பார்த்தாள். ஒன்பதாம் நாள் எல்லாப் புழுவும் செத்திருந்தன. மறுபடி செய்தார்கள். மறுபடியும் ஒன்பது, பத்து நாளில் செத்தன. தொண்ணூறு தொட்டி, ஒரு வண்டுகூட ஆரையில் பிறந்து வளர்ந்து பெரிதாகவில்லை. ஆக, பட்டினியில் நுனி நாக்கில் ருசி பார்க்கிறது, ஆனால் குடும்பம் நடத்த முடியவில்லை.

மேடம் புது அறிக்கை எழுதினார். இந்தத் தடவை எதையும் தொடாது என்று எழுதவில்லை. பாய் சரிந்து மூழ்குகிற காலத்தில், பசியோடு கரையேறுகிற வண்டுகள் ஒரு பருவம், மிஞ்சினால் இரண்டு பருவம் ஆரை இலையைக் கடிக்கும், நூற்றுக்கு முப்பது இலை வரை ஓட்டை விழலாம், பிறகு வண்டும் குறைந்துபோகும் என்று எழுதினார். அதைக் கொடுத்தபோது தைரியமாக இருந்ததா என்று அவள் பின்னொருநாள் கேட்டதற்கு, பயமாகத்தான் இருந்தது அக்கா, ஆனால் முதல் அறிக்கையைக் கொடுத்திருந்தால்தான் பயம் தெரியாமலே இருந்திருப்பேன் என்றார்.

முடிவு செய்ய ஒரு குழு. நீள மேஜை, ஒன்பது பேர். மேடத்திடம் மூன்று மணி நேரம் கேள்வி கேட்டார்கள். கடைசியில் தலைவர், ஓட்டையைப் பார்த்தவரை நான் பார்க்க வேண்டும் என்றார். ஓட்டையக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“உங்க வீட்டுக்காரர் படகு ஓட்டறவர்னு சொல்றாங்க. இந்த வண்டு சீக்கிரம் வெளியே போகணும்னு எல்லாரையும்விட உங்களுக்குத்தானே தோணியிருக்கும்?”

“தோணுச்சுங்க. அதனாலதான் மூணு தடவை பார்த்தேன்.”

மேஜையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. இப்போது விடலாமா, வேண்டாமா, உங்களுக்கு என்ன படுகிறது என்று கேட்டார். அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் தலையசைத்தார்.

“விட்டா திரும்பப் பிடிக்க முடியாதுங்க. ஆரையில ஓட்டை விழும். அதையும் மறைக்கறதுக்கில்ல. ஆனா நான் லீவு நாள்ல கரை சுத்தி நடந்து பார்த்தேன். போன வருஷம் பதினாறு இடத்துல ஆரை இருந்தது. இந்த வருஷம் ஒன்பது. பாய் அது மேல ஏறி மூடிக்கிட்டே வருது. நாம விடலைன்னா, ஓட்டை விழறதுக்கு இலையே இருக்காது.”

அந்தப் பதினாறும் ஒன்பதும் மேடத்துக்கே புதிது. விடாமல் இருப்பதிலும் ஆபத்து இருக்கிறது என்று எல்லோரும் பொதுவாகப் பேசியிருந்தார்கள், யாரும் போய் எண்ணியிருக்கவில்லை. குழு இரண்டு மாதம் யோசித்து அனுமதி கொடுத்தது. முதலில் ஒரு ஒதுக்குப்புறக் குடாவில் மட்டும், பத்து வருடம் கரையைக் கண்காணிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

விட்ட நாள் ஒரு முற்பகல். நானூறு வண்டு, நாலு டிபன் பாக்ஸில். அவள் கணவனின் படகில் மேடம், அவள், நாத்தனார். வரட்டும் என்று நாத்தனாரை அழைத்ததே மேடம்தான். குடாவுக்குள் படகு களையைக் கிழித்துக்கொண்டு போய் நின்றது. முதல் பெட்டியை அவளிடம் நீட்டினார்கள்.

அவள் கை மூடியைத் திறக்கவில்லை. ஆறு வருடம் ஒரு வண்டு வெளியே போய்விடக்கூடாது என்பதற்காகவே வாழ்ந்த கை அது. விரல் மூடியின் விளிம்பில் இருந்தது, அழுத்தம் வரவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. வெயில் பச்சைப் பாயின் மேல் அலையாமல் அசையாமல் கிடந்தது. தன் கையில் இருப்பது ஒரு பெட்டி அல்ல, திரும்பி வராத ஒன்று என்று அவளுக்குப் பட்டது. கடைசியில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு திறந்தாள். வண்டுகள் இலை மேல் உதிர்ந்தன. ஒரு நொடி நின்றன. பிறகு ஒவ்வொன்றாக மூக்கைத் தாழ்த்தி, பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி, தின்னத் தொடங்கின. அவள் பழக்கதோஷத்தில் எண்ணிக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றிரண்டில் நிறுத்தினாள். இனி எண்ணுவதற்கில்லை.

பதினோரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஊர் கேலி பேசி அலுத்து, மறந்தும் போனது. அப்புறம் குடாவில் ஒரு கதவளவுக்குப் பழுப்பு. மறு மாதம் ஒரு வீட்டளவு. பிறகு பழுப்பு நடந்து வருகிற மாதிரி வந்தது. காலையில் பார்த்த விளிம்பு சாயங்காலம் அங்கே இருக்காது. நானூறு என்பது கோடியாகியிருக்கும் என்றார் மேடம். அந்தக் கோடியில் ஒன்றைக்கூடக் கரையிலிருந்து கண்ணால் பார்க்க முடியாது. எந்த இயந்திரமும் வராமல், எந்த ஆளும் இறங்காமல், மைல் கணக்கில் விரிந்த பச்சை தானாகச் சுருங்கி, கனத்து, தண்ணீருக்குள் அமிழ்ந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் அழுகல் நாற்றம் தாங்கவில்லை. பிறகு அதுவும் போனது.

ஒருநாள் மதியம் அவள் சாப்பாடு கொண்டு போனபோது, படகுத்துறையில் பயணச்சீட்டு கொடுக்கும் அறையில் அவள் கணவன் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தான். கூடவே ஏழெட்டுப் பேர். மேலே கூரையின் அடிப்பக்கத்தில் வெளிச்சம் நெளிந்து நெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. வெளியே தண்ணீரில் வெயில் பட்டு உள்ளே எறிந்த வெளிச்சம். ஒன்பது வருடமாக அந்தக் கூரை பார்க்காதது. துறையின் மரக்காலில் அலை வந்து தட்டுகிற சத்தம் கேட்டது. அவன் அவளைப் பார்த்தான். சாப்பாட்டுப் பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டு, மறுபடி அண்ணாந்தான்.

நாத்தனார் இருபத்தி மூன்று நிமிடத்தில் வந்து சேர்ந்தாள். ஜன்னலோரம் போய்விட்டதே என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

அந்தப் பருவத்தில் ஓட்டையக்கா முழங்கால் சேற்றில் இறங்கி ஆரையை எண்ணினாள். பாய் விலகிய கரையில் அது இருபத்தியோரு இடத்தில் முளைத்திருந்தது. ஆனால் இலையெல்லாம் ஓட்டை. நூற்றுக்கு முப்பத்தொன்று. மேடம் முப்பது என்று எழுதியிருந்தார். ஊரில் சிலர் கரைக்கு வந்து பார்த்துவிட்டு, விட்டதும் தப்பு என்றார்கள். அவள் வாதாடவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஆடிப்போயிருந்தாள். தொண்ணூறு தொட்டியில் பார்த்ததை, ஏரி எப்படியோ படித்துவிட்டு அப்படியே செய்த மாதிரி இருந்தது. மறு வருடம் நூற்றுக்கு ஆறு. அதற்கடுத்த வருடம் நாள் முழுக்கத் தேடியும் ஒன்று கிடைக்கவில்லை.

கண்காணிப்பில் இது ஏழாம் வருடம். மாதத்தின் முதல் திங்களன்று அவள் கணவன் அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு கரையோரமாகச் சுற்றுகிறான். வண்டும் களையும் அடியோடு அழிந்துபோய்விடும் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படியில்லை. நிழலான ஒரு மூலையில், ஒரு சாப்பாட்டு மேஜையளவுக்குப் பாய் மிதக்கிறது. வளரும், வண்டு தின்னும், சுருங்கும், வண்டு குறையும், மறுபடி வளரும். எந்த வருடமும் அது இரண்டு மேஜை ஆனதில்லை, காணாமலும் போனதில்லை. போன திங்கள் அவன் மோட்டாரை நிறுத்தினான். அவள் படகின் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு இலையை விரலால் நிமிர்த்தினாள். அடியில் ஒன்று இருந்தது. வெளிச்சம் பட்டதும் அது இலைக் காம்பு வழியாக இறங்கி, வயிற்றோரம் வெள்ளியாக மின்ன, தண்ணீருக்குள் போனது. அவள் இலையை விட்டாள். அடுத்த இலையை நிமிர்த்தினாள்.